தசை நலனும் சத்து மாத்திரையும்: இயன்முறை மருத்துவ மாணவரின் பொறுப்பு

நம் நாட்டில் இயன்முறை மருத்துவக் கல்வி, இளம்பிள்ளைவாதத்தை எதிர்த்த போராட்டத்தில் வேரூன்றியது. 1950-களின் தொடக்கத்தில், அந்நோயால் கைகால் செயலிழந்த குழந்தைகளின் மறுவாழ்வுக்கென, பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இத்துறைக்கான பயிற்சிப் பள்ளி அமைக்கப்பெற்றது. 1955-ஆம் ஆண்டில் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று, தென்கிழக்கு ஆசிய மண்டலத்தின் பிற நாடுகளோடு இந்தியாவும் இளம்பிள்ளைவாதம் ஒழிக்கப்பட்ட நாடெனச் சான்று பெற்றது. எனினும் இயன்முறை மருத்துவரின் பணி குறைந்துவிடவில்லை. பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், முதுகுவலி, சாலை விபத்து, விளையாட்டுக் காயம் என அப்பணி விரிந்துகொண்டே செல்கிறது.

2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் இத்துறைக்கு நாடு தழுவிய சட்ட அங்கீகாரத்தை அளித்தது. அதனைத் தொடர்ந்து, 2025-இல் இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட பல துறைகளுக்குத் திறன் அடிப்படையிலான பாடத்திட்டங்கள் வெளியிடப்பட்டன. உரிமை வளரும்போது பொறுப்பும் வளர்கிறது. நாளைய இயன்முறை மருத்துவர் தம்மிடம் வருவோருக்கு உடற்பயிற்சியைக் கற்றுத் தருவதோடு நிற்க முடியாது. 'தசை வலிக்கு எந்த மாத்திரை சாப்பிடலாம்?' என்ற வினாவையும் நாள்தோறும் எதிர்கொள்வார். அவ்வினாவிற்கு அவர் கூறும் விடை, கல்லூரி நாட்களில் அவர் எதை எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பதைப் பொறுத்தே அமையும்.

இரட்டை நிலை

இயன்முறை மருத்துவ மாணவர் ஒரே நேரத்தில் இரு நிலைகளில் இருப்பவர். பயிற்சிச் சிகிச்சை வகுப்பில் மாணவர்கள் ஒருவர்மீது ஒருவர் பயிற்சிகளைச் செய்து பழகுகின்றனர். மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் நோயாளியைத் தூக்கி அமர்த்துவதும், நடக்கவைப்பதும், மணிக்கணக்கில் நின்று பணிபுரிவதும் அவர்களது அன்றாடக் கடமை. பலர் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்திற்கும் விளையாட்டுத் திடலுக்கும் செல்கின்றனர். தசை வலியும் களைப்பும் அவர்களுக்குச் சொந்த அனுபவம். ஆகவே, தசையை விரைவில் தேற்றும் என்று கூறி விற்கப்படும் வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ', பீட்டா கரோட்டின், செலினியம், பசுந்தேயிலைச் சாறு போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்களுக்கு அவர்களே இயல்பான வாடிக்கையாளர்கள் ஆகின்றனர்.

மறுபுறம், அவர்களே நாளைய ஆலோசகர்கள். மருந்துக் கடையில் ஒருவர் தமக்கென வாங்கும் மாத்திரையின் செலவு அவரோடு முடிந்துவிடும். மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவர் பரிந்துரைக்கும் மாத்திரையின் செலவோ நூற்றுக்கணக்கான குடும்பங்களின்மீது விழும். 2021-22 ஆண்டிற்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தியதாகும். 2013-14-இல் இது 64.2 சதவீதமாக இருந்ததை நோக்கும்போது, முன்னேற்றம் பெரிதுதான். ஆயினும் தேவையற்ற ஒரு மாத்திரைக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் பால், முட்டை, பருப்பு, பழம் ஆகியவற்றிலிருந்து பறிக்கப்படும் ரூபாயே என்பதை மறத்தலாகாது.

தசை ஏன் வலிக்கிறது?

பழக்கமில்லாத உழைப்பிற்கு அடுத்த நாள் தோன்றும் வலியை லாக்டிக் அமிலத்தின் தேக்கம் என்று கருதுவோர் இன்றும் பலர் உள்ளனர். கடும் உழைப்பின்போது தசையில் தோன்றும் அப்பொருள், உழைப்பு நின்ற ஓரிரு மணி நேரத்திற்குள் இரத்தத்திலிருந்து பெரிதும் நீங்கிவிடுகிறது. வலியோ 24 மணி முதல் 72 மணி நேரத்திற்குள்தான் உச்சத்தை அடைகிறது. எனவே ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கூற இயலாது.

இத்தாமத வலியை 1902-ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆராய்ந்து, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகளோடு தொடர்புபடுத்தினார். தசை சுருங்கும் முயற்சியில் இருக்கும்போதே நீளும்படி நேரும் இயக்கங்களில் இச்சேதம் மிகுதி. மலையிலிருந்து இறங்குதல், படிக்கட்டில் இறங்குதல், எடையை மெல்லக் கீழே இறக்குதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சேதமுற்ற இடத்தில் அழற்சி தோன்றுகிறது; வெள்ளணுக்கள் வந்து சிதைந்த பகுதியை அகற்றுகின்றன; பின்னர் தசை புதுப்பிக்கப்படுகிறது. இதே பயிற்சியைச் சில வாரங்களுக்குள் மீண்டும் செய்தால் வலி முன்னைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். தசை தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும் இவ்வியல்பே பயிற்சிச் சிகிச்சையின் அடித்தளம் எனலாம்.

தனி உறுப்புகள்: பகையா, தூதா?

ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்களின் பெருமை, 'தனி உறுப்புகள்' பற்றிய கொள்கையிலிருந்து பிறந்தது. உணவிலிருந்து உடல் ஆற்றலைப் பெறும்போது, இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட, மிகுந்த வினைத்திறன் வாய்ந்த துகள்கள் தோன்றுகின்றன. இவையே தனி உறுப்புகள். ஆங்கிலப் பாடநூல்களில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படுபவை. முதுமைக்கு இவை காரணமாகலாம் என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் எடுத்துரைத்தார். 1969-இல் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃபிரிடோவிச் ஆகியோர், இத்தகைய துகள்களுள் ஒன்றை அடக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியின் செயலைக் கண்டறிந்தனர். கடும் உழைப்பின்போது தசையில் தனி உறுப்புகள் பெருகுவதை 1982-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இம்மூன்றையும் இணைத்து ஓர் எளிய முடிவு பரவியது. 'உழைப்பு தனி உறுப்புகளைப் பெருக்குகிறது. அவை தசையைச் சேதப்படுத்துகின்றன. ஆகவே அவற்றை அழிக்கும் மாத்திரை தசையைக் காக்கும்' என்பதே அம்முடிவு. தருக்கம் சீராகத் தோன்றினும், இடையில் ஒரு செய்தி விடுபட்டுவிட்டது. உழைக்கும் தசையில் தோன்றும் தனி உறுப்புகள் தூதுவர் பணியையும் ஆற்றுகின்றன. 'உழைப்பு கூடிவிட்டது; ஆற்றல் நிலையங்களாகிய மைட்டோகாண்டிரியாக்களைப் பெருக்குக; பாதுகாப்பு நொதிகளைக் கூட்டுக' என்ற செய்தியைச் செல்லின் உட்கருவிற்கு எடுத்துச் செல்வதில் அவற்றிற்கும் பங்குண்டு. முறையான பயிற்சி பெற்றவரின் தசையில் இப்பாதுகாப்பு நொதிகள் மிகுந்திருப்பது இதனாலேயே. பேரளவு மாத்திரையை விழுங்குவது, கடிதம் உரியவரைச் சேருமுன் தபால்காரரைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒப்பாகலாம்.

ஆய்வுகள் கூறுவது

இக்கருத்து வெறும் ஊகமன்று. 2008-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், எட்டு வாரங்கள் பயிற்சி பெற்ற இளைஞர்களுள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வைட்டமின் 'சி' அளித்தனர். அதனுடன் எலிகளில் நடத்திய சோதனையில், மைட்டோகாண்டிரியாப் பெருக்கத்தைத் தூண்டும் குறிகளை இவ்வைட்டமின் குறைத்தது தெரியவந்தது. 2009-இல் ஜெர்மனியில், ஏறத்தாழ 40 இளைஞர்களிடம் நான்கு வாரங்கள் நடைபெற்ற ஆய்வு மேலும் வியப்பளித்தது. பயிற்சியினால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை கூடுவது வழக்கம். வைட்டமின் 'சி', 'ஈ' இரண்டையும் பேரளவில் உட்கொண்டோரிடம் இந்நன்மை தோன்றவில்லை. நீரிழிவு நோயாளிக்கு உடற்பயிற்சி கற்பிக்கும் எவரும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

2014-இல் நார்வேயில் 54 பேரிடம் 11 வாரங்கள் நடந்த ஆய்விலும், இவ்விரு வைட்டமின்களும் மைட்டோகாண்டிரியா சார்ந்த சில புரதங்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்தின. எனினும் உச்ச ஆக்சிஜன் நுகர்வுத் திறனில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே மாத்திரை பயிற்சியின் பயனை முற்றிலும் அழித்துவிடும் என்று கூறுவதும் மிகையாகும். நன்மைக்குச் சான்று குறைவு, சில வகைகளில் தீமைக்கு இடமுண்டு என்பதே நடுநிலையான முடிவு.

வலியைப் பொறுத்தவரை விடை இன்னும் தெளிவானது. 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, 1089 பேர் பங்கேற்ற 50 ஆய்வுகளைப் பரிசீலித்தது. பத்து அலகு கொண்ட வலி அளவுகோலில், மாத்திரையால் விளைந்த வேறுபாடு மிகுந்த வேளையிலும் ஏறத்தாழ அரை அலகே. நோயாளி தம் வலியில் மாற்றத்தை உண்மையாகவே உணர ஏறத்தாழ 1.4 அலகு குறைய வேண்டும் என்று கொள்ளப்படுகிறது. அதாவது, ஏட்டுக் கணக்கில் தென்படும் வேறுபாடு உடலில் உணரப்படுவதில்லை. இவ்வாய்வுகளில் பங்கேற்றோருள் பெண்கள் 128 பேர் மட்டுமே என்பதும் கருதத்தக்கது. இயன்முறை மருத்துவக் கல்லூரிகளில் பெரும் எண்ணிக்கையில் பயிலும் மாணவியர், பிறர் உடலில் கண்ட முடிவைத் தமக்குரியதாக ஏற்குமுன் சிந்திக்க வேண்டும்.

'பயன் இல்லாவிடினும் கேடு இல்லை அல்லவா?' என்பது அடுத்து எழும் வினா. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடைபெற்று 1994-இல் முடிவு வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகத் தோன்றியது. வைட்டமின் 'ஈ' மாத்திரையை நெடுநாள் உட்கொண்ட ஆண்களிடம் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று அறிவித்தது. இவை முதியோரிடமும் புகைபிடிப்போரிடமும் கண்ட முடிவுகள். சில நாட்கள் மாத்திரை உண்ட இளைஞர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் இயன்முறை மருத்துவரை நாடி வருவோருள் முதியோரும் புகைபிடிப்போரும் உண்டு என்பதே இங்குக் கருத வேண்டியது.

அறிவை அளப்பது எவ்வாறு?

மாணவர்களிடம் வினாப்பட்டியல் அளித்து அவர்தம் அறிவு, மனப்பான்மை, நடைமுறை ஆகியவற்றை அளக்கும் ஆய்வுகள் கல்லூரிகளில் நடத்தப்படுகின்றன. இவை பயனுள்ளவையே. ஆனால் வினாக்கள் எத்தகையவை என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. 'ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?' என்று வினவினால் ஏறத்தாழ அனைவரும் ஆம் என்பர். 'வைட்டமின் சி அவ்வகையைச் சேர்ந்ததா?' என்றாலும் சரியான விடை கிடைக்கும். சொல்லை அறிந்திருத்தல் ஒன்று. செயலை அறிந்திருத்தல் வேறொன்று.

உண்மையான அறிவை அளக்க வேறு வினாக்கள் தேவை. நாளொன்றுக்குத் தேவையான அளவு எவ்வளவு? கையிலுள்ள மாத்திரையில் அதன் எத்தனை மடங்கு உள்ளது? வலி குறைந்தது மாத்திரையாலா, நாட்கள் கடந்ததாலா? பரிந்துரைத்தவர் யார்: ஆசிரியரா, மருத்துவரா, உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளரா, நண்பரா? இறுதியாக, இதே மாத்திரையை நோயாளிக்கும் கூறுவீர்களா? இக்கடைசி வினாவிற்குக் கிடைக்கும் விடையே சமுதாயத்திற்கு இன்றியமையாதது.

மூன்றாவது வினாவிற்குத் தனிக் கவனம் வேண்டும். தசை வலி எவ்விதச் சிகிச்சையும் இன்றிச் சில நாட்களில் தானே தணியும். இரண்டாம் நாள் மாத்திரை உண்டவர் நான்காம் நாள் நலம் பெற்றால், புகழ் மாத்திரைக்குச் சேர்கிறது. உண்ணாதவரும் அதே நான்காம் நாளில் நலம் பெற்றதை யாரும் கணக்கிடுவதில்லை. ஒப்பிடுவதற்கு ஒரு குழு இல்லாமல் பயனை நிறுவ இயலாது என்னும் பாடத்தை, மாணவர் தம் உடலிலேயே கற்றுக்கொள்ள இது நல்ல வாய்ப்பு.

தட்டில் உள்ள சத்து

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வைட்டமின் 'சி' நாளொன்றுக்கு வளர்ந்த ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதுமானது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இச்சத்து உள்ளது. நெல்லிக்கனியில் இதனினும் மிகுதி. 1000 மில்லிகிராம் மாத்திரையோ ஆணின் நாள் தேவையைப் போல் பன்னிரண்டரை மடங்கு. உடல் அதனை முழுவதும் ஏற்பதுமில்லை. 180 மில்லிகிராம் வரை 70 முதல் 90 சதவீதம் உறிஞ்சும் குடல், 1000 மில்லிகிராமைத் தாண்டும்போது பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சப்பட்டதிலும் உபரியானது சிறுநீரில் வெளியேறுகிறது. வைட்டமின் 'சி' மாத்திரை உண்ட ஆண்களிடம் சிறுநீரகக் கல் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டதென 2013-இல் சுவீடன் ஆய்வு தெரிவித்தது.

வைட்டமின் 'ஈ' நிலக்கடலையிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் உண்டு. கரோட்டின் கீரைகளிலும் பப்பாளியிலும் காரட்டிலும் நிறைந்துள்ளது. பஞ்சாபின் கடுகுக் கீரையானாலும், ஆந்திரத்தின் புளிச்சக் கீரையானாலும், கேரளத்தின் முருங்கைக் கீரையானாலும், அந்தந்தப் பகுதி விடுதிச் சமையலறைக்கு எட்டக்கூடிய சத்துக்களே இவை. காயை நறுக்கியபின் நீரில் ஊறவைக்காமை, அடுப்பிலிருந்து இறக்கிய பருப்பில் எலுமிச்சை பிழிதல் போன்ற சிறு வழக்கங்கள் வைட்டமின் 'சி' வீணாவதைக் குறைக்கும். 2024-இல் அந்நிறுவனம் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களும் பல்வகை உணவையே வலியுறுத்துகின்றன. தசை வளர்ச்சிக்கெனப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கும்படி அறிவுறுத்துகின்றன.

களைப்பின் காரணத்தைத் தவறாகக் கணிப்பதே எல்லாவற்றினும் பெரிய இழப்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர். அவ்வயதுடைய ஆண்களிலும் நால்வரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. படியேறினால் கால் சோர்ந்துபோகும் ஒரு மாணவிக்குத் தேவைப்படுவது ஹீமோகுளோபின் பரிசோதனையாக இருக்கலாம். விலையுயர்ந்த மாத்திரைப் புட்டி அக்குறையை மறைத்து, உரிய சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

சந்தையும் சட்டமும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ், துணை ஊட்டப் பொருட்களுக்கான விதிமுறைகள் 2016-இல் அறிவிக்கப்பட்டன. இத்தகைய பொருளின் உறைமீது, அது மருத்துவப் பயன்பாட்டிற்கு உரியதன்று என்ற அறிவிப்பு இடம்பெற வேண்டும். நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதற்கும் இடமில்லை. அவ்வறிவிப்பு மிகச் சிறிய எழுத்தில் இருப்பினும், அதனைப் படித்துக் காட்டும் கடமை மருத்துவத் துறையினருக்கு உண்டு.

விளையாட்டு வீரர்களுக்கு ஆலோசனை கூறுவோர் மற்றோர் எச்சரிக்கையையும் அறிதல் வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 2000-2001 ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை ஊட்டப் பொருட்களைச் சோதித்தபோது, 94 பொருட்களில், உறையில் குறிப்பிடப்படாத ஹார்மோன் சார்ந்த பொருட்கள் கலந்திருந்தன. தம் உடலில் காணப்படும் தடைசெய்யப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பாவார் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி. இந்தியாவிலும் 2022-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அறியாமல் உண்ட மாத்திரையால், எளிய குடும்பத்திலிருந்து வந்த ஒரு வீராங்கனையின் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வீணாகலாம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, உடலியல் வகுப்பில் கற்பிக்கப்படும் தனி உறுப்புகளும், பயிற்சிச் சிகிச்சை வகுப்பில் கற்பிக்கப்படும் தசைத் தேற்றமும் ஒரே பாடமாக இணைக்கப்பட வேண்டும். இரண்டும் தனித்தனியே நிற்பதால்தான் இடையிலுள்ள வெற்றிடத்தை விளம்பரம் நிரப்புகிறது.

இரண்டாவதாக, மாணவர்கள் கடையில் விற்கும் புட்டிகளின் உறைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் நாள் தேவையின் எத்தனை மடங்கு உள்ளது, அதே சத்தை உணவில் பெற ஆகும் செலவு என்ன என்று கணக்கிடும் செய்முறை வகுப்பு நடத்தலாம். இதற்கு ஆய்வகமோ கருவியோ தேவையில்லை.

மூன்றாவதாக, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஊட்டச்சத்து அறிவியல் வல்லுநர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. உணவு பற்றிய விரிவான வினாக்களை அவர்களிடம் அனுப்பும் வழக்கம் பயிற்சிக் காலத்திலேயே பழக்கப்பட வேண்டும். பற்றாக்குறை உறுதிசெய்யப்பட்டவருக்கும், உணவை நன்கு உறிஞ்ச இயலாதவருக்கும் மருத்துவர் தரும் வைட்டமின் மாத்திரை தேவையான சிகிச்சையே. அதனை நிறுத்தும்படி கூறுவதும் இயன்முறை மருத்துவரின் பணியன்று.

நான்காவதாக, விடுதி உணவுப் பட்டியலில் நாள்தோறும் ஒரு பழமும் ஒரு கீரையும் இடம்பெறுவதைக் கல்லூரி நிர்வாகங்கள் உறுதிசெய்யலாம்.

தசையைத் தேற்றும் வழிகள் புதிரானவை அல்ல. படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சி, போதிய உறக்கம், வேளை தவறாத உணவு, தேவையான ஓய்வு ஆகிய நான்குமே அவை. இவற்றை எந்த நிறுவனமும் புட்டியில் அடைத்து விற்பதில்லை. ஆதலால் இவற்றிற்கு விளம்பரமும் இல்லை. இவற்றுக்காகப் பேச வேண்டியவர் இயன்முறை மருத்துவரே. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலில், தோள்வலியோடு வந்து நிற்கும் சுமை தூக்கும் தொழிலாளி, தம் ஒரு நாள் கூலியில் எதை வாங்குவது என்று கேட்கும்போது, 'கொய்யாப்பழம் வாங்குங்கள். நான் கற்றுத்தரும் பயிற்சியை நாளையும் செய்யுங்கள்' என்று உறுதியுடன் கூறவல்ல இளைஞரை உருவாக்குவதே இக்கல்வியின் நோக்கமாக இருத்தல் வேண்டும்.